நாங்கள் பிழைக்கவைத்த மரத்தவளை

ரப்பர் பாலுக்கு ஒரு நாற்றம் உண்டு. பாலுக்காக மரப்பட்டையை வெட்டியதும் வருவதல்ல அது; வெட்டுகிறவர்களின் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டி, ஒரு நாள் கிடந்து புளித்த பிறகு வருவது. பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்த டவுன்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். இலங்கையில் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த எனக்கோ அது நாற்றமே இல்லை, அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்கிற சேதி. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த மழைக்காலத்தில் ஒருநாள் அந்த வாசனை வாசலுக்கு வந்தும் அப்பா உள்ளே வராமல் நின்றார். சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு, என்னைக் கூப்பிட்டு, அகலமான சட்டியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பையிலிருந்து அவர் எடுத்தது ஒரு மரத்தவளை. காம்பரா என்கிற ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் அதைத் "தேரை" என்றுதான் சொல்வோம். வெட்டிய மரத்தில் வடியும் பாலைப் பிடிக்க அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டியிருப்பார்கள். மழை நாட்களில் வெட்டு இல்லாதபோது அதில் தண்ணீர் நிறைந்து, தேரைகள் வந்து குடியிருக்கும். காலையில் சிரட்டையைக் கவிழ்த்து அவற்றைக் கொட்டிவிட்டு வெட்டுவதுதான் வழக்கம். அன்றைக்கு இது ஒன்று கண்ணில் படாமல் உள்ளேயே ஒட்டிக் கிடந்திருக்கிறது. பால் சொட்டுச் சொட்டாக அதன் மேல் வடிந்து, உறைந்து, பின்னங்கால் இரண்டையும் உடம்போடு சேர்த்து ரப்பராக இறுக்கிவிட்டது.

"சிரட்டையில உக்காந்து பால் குடிச்சிருக்காரு கங்காணி, குடிச்சது பத்தாதுன்னு குளிச்சும் இருக்காரு" என்றார் அப்பா. தொண்டையை உப்பிக்கொண்டு, யார் வேலை செய்கிறார்கள் யார் செய்யவில்லை என்று பார்க்கிறவரைப் போல அது முழித்ததால் அந்தப் பெயர். அப்பாவுக்குக் கேலி பேசாமல் ஒரு வேலையும் ஓடாது. பூசாரியையே "சாமி வீட்டுல இருக்காரா, வெளியில போயிட்டாரா" என்று கேட்கிறவர்.

கையில் ஒட்டிய பாலை உரிக்கிற மாதிரியே தவளையின் மேலிருந்ததையும் உரித்தார். விரலை நனைத்து நனைத்து, ஓரத்திலிருந்து உருட்டி உருட்டி, அவ்வளவு பெரிய கை அவ்வளவு மெதுவாக வேலை செய்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வலது கால் சுத்தமாக வந்தது. இடது தொடையில் ரப்பரோடு தோலும் கொஞ்சம் வந்துவிட்டது. அப்பாவின் கேலி அங்கே நின்றுபோனது. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த அம்மா, "புள்ள இருக்கிற வீட்டுல இதெல்லாம் எதுக்குங்க" என்று முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே அம்மியில் மஞ்சள் கிழங்கை உரசி எடுத்து வந்து, அதன் தொடையில் அவளே தடவியும் விட்டாள்.

அடுப்படிக்குப் பக்கத்தில் ஓட்டைப் பேசினொன்றில் பாசியும் வாழைமட்டையும் போட்டு அதை வைத்தோம். மேலே பழைய கொசுவலைத் துண்டு. மலைத்தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பது என் வேலை. நனைந்த ரப்பர் பட்டையின் நிறம் அதற்கு. முதுகில் கருப்புப் புள்ளிகள், வயிறு மட்டும் வெளுத்துச் சுருக்கம் சுருக்கமாக. விரல் நுனி ஒவ்வொன்றும் பொட்டு மாதிரி வட்டமாக இருக்கும், கையில் வைத்தால் சில்லென்று ஒட்டிக்கொள்ளும். முதலில் எதையும் தின்னவில்லை. அப்பா ஒரு விட்டில்பூச்சியை நூலில் கட்டி அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டுவார். ஒருநாள் லபக்கென்று பிடித்தது. விழுங்கும்போது கண்கள் இரண்டும் மண்டைக்குள்ளே அமுங்கி, பிறகு மெல்ல வெளியே வந்தன. தோட்டத்தில் முழுநாள் வேலை செய்தால் "பேர்", பாதி செய்தால் "அரைப்பேர்". தவளை ஒரு பூச்சியோடு நிறுத்திக்கொண்டால் "கங்காணிக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்" என்பார் அப்பா. நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்த கடைசிக் காலம் அது.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிறந்தபோது நன்றாக இருந்தான் என்பார்கள், எடை ஏறவில்லை. பால் குடிக்கத் தொடங்கினால் கொஞ்சநேரத்திலேயே விட்டுவிட்டு மூச்சு வாங்குவான், நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்த்துவிடும். குளிர்காற்று அடிக்கிற மழைக்காலத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கு ஏன் வியர்க்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வீடு வீடாக வந்து பிள்ளைகளை நிறுக்கும் மிட்வைஃப் அம்மா சிங்களப் பெண், அவளுக்குத் தெரிந்த தமிழில், "பபா வெயிட் இல்ல அம்மே. பெரிய ஆஸ்பத்திரி காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மழை கொஞ்சம் விட்டதும் போகலாம் என்றிருந்தோம்.

அதற்குள் அது நடந்தது. கொசுவலையின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு தவளை வெளியே வந்திருக்கிறது. காயம்பட்ட காலை இழுத்துக்கொண்டு எப்படித்தான் அவ்வளவு தூரம் போனதோ, மத்தியானம் பிள்ளையைத் தூக்கப்போன அம்மா பார்த்தபோது அது தொட்டில் சேலைக்குள், தம்பியின் நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது.

உள்ளே பருப்பில்லாத தேங்காயை உடைத்தால் "தேரை மோந்த தேங்காய்" என்பார்கள். அதுபோலத் தேரை மேலே விழுந்த பிள்ளையும் எதைக் குடித்தாலும் உடம்பில் ஒட்டாமல் வற்றிப்போகும் என்பது எங்கள் லயத்தில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பக்கத்துக் காம்பராவில் இருந்த ராக்கம்மா பெரியம்மா, என்னையும் இன்னும் எத்தனையோ பிள்ளைகளையும் குளிப்பாட்டி எடுத்தவள், தம்பியின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "தேரை விழுந்திருக்குடி. இன்னைக்கு நேத்து இல்ல, முன்னாடியே விழுந்திருக்கு. அதான் பால் ஒட்டல. ஆனா இதை அடிச்சுக் கிடிச்சுப் போட்டுறாதீங்க. நோவுபட்ட தேரை இது. இது செத்தா புள்ளயும் கூடப் போயிரும். இது தேறுனா புள்ளயும் தானா தேறிரும்."

அந்த ஒரு பேச்சோடு எங்கள் வீடு தலைகீழானது. தவளை எதுக்கு என்று முணுமுணுத்த அம்மாவே அதற்குத் தாயானாள். விடிந்ததும் முதலில் பேசினைத்தான் எட்டிப் பார்ப்பாள். மஞ்சளோடு வேப்பிலையும் அரைத்துப் போட்டாள். கோழி கொத்தாமல் கதவைச் சாத்தினாள், பூனை வந்தால் விளக்குமாற்றோடு துரத்தினாள். மழைக்குப் பின் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும்போது லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் போத்தல்களில் பிடித்து வந்து கொடுத்தார்கள். பால் வெட்டப் போகிற பெண்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது, "கங்காணி சாப்பிட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அது கேலியில்லை. அவர்கள் கேட்டது தம்பியைப் பற்றித்தான். அதை அப்படிக் கேட்கப் பழகிவிட்டார்கள்.

செவ்வாய், வெள்ளி பார்த்து மாரியம்மன் கோயில் பூசாரி தம்பிக்கு விபூதி போட்டு, இடுப்பில் கயிறு கட்டினார். அப்பா ஒருநாள் காலையில், மிட்வைஃப் அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டோ என்னவோ, "ஒரு தடவ கேகாலைக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துருவோமே" என்றார். அம்மா பேசினை விட்டுக் கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள். "தேரைப் புள்ளைக்கு ஊசி ஆகாதாம். இது தேறட்டுங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் போவோம்." அப்பா பால் வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்கு இறங்கிவிட்டார். தவளையைக் கொண்டுவந்தவர் அவர். அந்த வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கிற உரிமை தனக்குப் போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

தவளை தேறியது. தொடையில் புதுத் தோல் கட்டியது. ஒருநாள் நான் தண்ணீர் தெளிக்க வலையை விலக்கியபோது, எகிறிச் சுவரில் ஒட்டி, அங்கிருந்து இன்னொரு தாவலில் கூரை மரத்துக்குப் போய், தொண்டையை உப்பி "டொக், டொக்" என்று குரல் கொடுத்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். தம்பியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, "பொழச்சிட்டடா, என் ராசா" என்று கொஞ்சினாள். அன்றைக்கு அவன்கூட வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பால் குடித்தான் என்று எங்களுக்குத் தோன்றியது. கோயிலில் பொங்கல் வைத்து லயம் முழுக்கக் கொடுத்தோம். நான்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு காம்பரா காம்பராவாகப் போனேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த வாரமே தம்பி அழுதுகொண்டிருக்கும்போது உதடு நீலமாகிக் குரல் அடங்கிப்போனது. ரப்பர் பால் ஏற்றப்போன லொறியை மறித்து, அதிலேயே ரோட்டுக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் கேகாலைக்குக் கொண்டுபோனார்கள். நான் ராக்கம்மா பெரியம்மா வீட்டில் இருந்தேன். அவள் எனக்குச் சோறு போட்டாள், தான் சாப்பிடவில்லை. மறுநாள் அவர்கள் திரும்பி வந்தபோது அப்பாவின் கையில் வெள்ளைத் துணியில் சுற்றியது இருந்தது. ரப்பர் வாசனையே இல்லாமல் அப்பா வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

பிள்ளையின் இருதயத்தில் ஓட்டையாம். பிறக்கும்போதே இருந்ததாம். ஏன் இவ்வளவு காலம் கொண்டுவரவில்லை என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டிருக்கிறார், அதட்டலாகக்கூட இல்லை, மெதுவாக. அப்பா சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். கடையிலும் சந்தையிலும் சிங்களத்தில் கேலி பேசிக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பவர். தேரை தேறட்டும் என்று காத்திருந்தோம் என்று டாக்டரிடம் எந்த மொழியில் சொல்வது?

காரியமெல்லாம் முடிந்து வீட்டில் நாங்கள் மூவர் மட்டும் இருந்த ஒரு மாலையில், வெளியே மழை பிடித்ததும் கூரையிலிருந்து "டொக், டொக்" என்று சத்தம் வந்தது. அப்பா எழுந்து விளக்குமாற்றை எடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க. அது என்ன பண்ணுச்சு? நம்மதான் அதையே பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றாள். அப்பா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன்.

ராக்கம்மா பெரியம்மா வெகுநாள் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. ஒருநாள் அம்மாவே போய்க் கூட்டிவந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து குடித்தார்கள். அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. கேலி பேசுவதை மட்டும் விட்டுவிட்டார். அவர் எப்படிப்பட்ட வாய்க்காரர் என்று என் புருஷனிடம் சொன்னால், அவர் நம்பவே மாட்டார்.

அப்பா போய் வருஷங்களாகிவிட்டன. லயத்தை இடித்துத் தனித்தனி வீடுகள் கட்டிவிட்டார்கள். அப்பா வெட்டிய மரங்களை அடியோடு பிடுங்கிவிட்டு வேறு நட்டிருக்கிறார்கள். சிரட்டைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கோப்பை வந்துவிட்டது. அம்மா என்னோடு கேகாலை டவுனில் இருக்கிறாள். மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் தோட்டத்துக்குப் போவோம். அங்கே கைப்பிள்ளையோடு நிற்கிற எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அம்மா பிள்ளையை வாங்கி விலாவைத் தடவிப் பார்ப்பாள். கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் போதும்: "கயிறு அப்புறம் கட்டிக்கலாம். மொதல்ல பஸ்ஸுல ஏறு" என்பாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு அதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரிந்தவர்கள். கிழவிக்கு வேறு வேலையில்லை என்று சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

தம்பியின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. உடம்பு தேறியதும் கேகாலைக்குக் கூட்டிவந்து எடுக்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தால் அந்தத் தவளை மட்டும் முதுகுப் புள்ளி ஒவ்வொன்றோடும், விழுங்கும்போது உள்ளே போய் வெளியே வருகிற கண்களோடும் அப்படியே வந்து நிற்கிறது. தம்பியின் முகம் எனக்கு ஞாபகமில்லை.