ரோபோவுக்குப் பொட்டு வைத்த விஜயதசமி

அடுப்பில் கொண்டைக்கடலை வேகிற வாசனையும், துருப்பிடித்த தகட்டில் பிழிந்த எலுமிச்சம்பழ வாசனையும்... இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு அந்த நவராத்திரிதான் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில். திருநெல்வேலி டவுனில் வாடகை வீடு. என் மகள் மீனா மூன்றாம் வகுப்பு. குறுக்குத்துறையில் ஆற்றுக்குக் குளிக்கப் போன இடத்தில் பாசிப் படியில் சறுக்கி, காலில் மாவுக்கட்டு. முன்னறைக் கட்டிலே கதி.

வருஷா வருஷம் வீடு வீடாகக் கொலுப் பார்த்து, பாடி, சுண்டலோடு வருகிறவள். அந்த வருஷம் தெருவில் பிள்ளைகள் சத்தம் கேட்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அழவும் மாட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து அம்பாளிடமே முறையிட்டேன்...

அம்பாள் என் நாத்தனார் சிவகாமியை அனுப்பி வைத்தாள்!

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. லீவுக்கு வந்தவள் பையில் இருந்து ஒரு ரோபோவை எடுத்தாள். கப்பலில் வேலை பார்த்த மாமா அவளுக்குச் சின்ன வயதில் கொண்டுவந்து கொடுத்தது. ரிமோட்டை அமுக்கினால் நடக்குமாம். பரணில் கிடந்து, பாட்டரி கசிந்து, வயிறெல்லாம் பச்சைத் துரு.

"அத்தே, இது செத்துப் போச்சா?"

"போட்டி... சாகல, மயங்கிக் கெடக்கு. அந்தத் திருப்புளிய எடு. நீதான் தொறக்கப் போற."

மீனாதான் திருகுகளைக் கழற்றினாள். மீனாதான் பழைய பிரஷ்ஷில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் துருவைத் தேய்த்தாள். திருகு கட்டிலுக்கு அடியில் உருண்டு போனாலும் சிவகாமி கோபப்படவில்லை, பிள்ளை கையில் இருந்து எதையும் பிடுங்கவுமில்லை. நானாக இருந்தால், "குடு இங்கன" என்று வாங்கிச் செய்து முடித்திருப்பேன்.

உள்ளே ரப்பர் பெல்ட் இற்றுப்போயிருந்தது. சிவகாமி வண்ணார்பேட்டைக்குப் போய் டேப் ரெக்கார்டருக்குப் போடுகிற பெல்ட்டை வாங்கி வந்து மாட்டினாள். (அன்றைய வரவு செலவில் அதைப் பூஜைச் சாமானோடு சேர்த்து எழுதினேன். மனசறிந்துதான் எழுதினேன்.)

ரோபோ நடந்தது! எனக்கு அதுவே போதும். சிவகாமிக்குப் போதவில்லை.

"நடந்தா மட்டும் போதுமா மதினி? வீட்டுக்கு வாரவளுக்கு ஏதாவது குடுக்க வேண்டாமா?"

சோப்பு டப்பா மூடியை அதன் இரண்டு கையிலும் சேர்த்துக் கட்டித் தட்டாக்கினாள். நெஞ்சில் ஒரு டார்ச் பல்பு. சுண்டல் கிண்ணத்தை வைத்ததும் ரோபோ குப்புற விழுந்தது. பெரிய பாட்டரிகளை முதுகில் கட்டினாள். முன்னால் கனத்துக்குப் பின்னால் கனம். அப்புறம் விழவில்லை.

மீனா ஜன்னல் வழியாகத் தெருவுக்கே தாக்கல் சொன்னாள். "விஜயதசமிக்கு எங்க வீட்டுக்கு வாங்கட்டி. சுண்டல் குடுக்கப் போறது ஆருன்னு வந்து பாருங்க!"

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு திருப்புளியையும் ரோபோவையும் கொலுவுக்கு முன்னால் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மறுநாள் சாயங்காலம் முன்னறை நிறையப் பிள்ளைகள். தட்டில் சுண்டல். மீனா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினாள்.

ரோபோ அசையவில்லை.

மறுபடி அமுக்கினாள். ம்ஹூம்.

"ஏட்டி மீனா, ஒங்க ரோபோவுக்கும் கால்ல மாவுக்கட்டா?" என்றாள் அடுத்த வீட்டுப் பேச்சி. எல்லாம் கொல்லென்று சிரித்தது. மீனாவின் முகம் பையச் சுவர்ப்பக்கம் திரும்பியது.

சிவகாமி ரோபோவைத் தொடவே இல்லை. கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

"மீனா, முந்தாநாள் ஓடிச்சில்லா? அதுக்கப்புறம் இத என்ன பண்ணுனோம்? யோசிச்சிச் சொல்லு."

"ஒண்ணும் பண்ணலையே. பூசையில இருந்துச்சி..."

"அப்புறம்?"

"அம்மா பொட்டு வச்சாங்க." சட்டென்று திரும்பினாள். "அத்தே! நெத்தியில செவப்பா ஒரு கண்ணாடி உண்டுல்லா? ரிமோட்டு சொல்லுதது அது வழியாத்தான் உள்ள போகும்னு சொன்னிய!"

அந்தக் கண்ணாடியின் மேல்தான் நான் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்திருந்தேன். அழகாக, நடு நெற்றி பார்த்து!

சிவகாமி முந்தானையைக் கையில் எடுக்கவும் எனக்குப் பதறிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாகக் குங்குமத்தை அழிப்பதா?

"ஏ சிவகாமி..." என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையை விட்டுவிட்டாள். மோதிர விரலால் அந்தப் பொட்டை அலுங்காமல் வழித்து எடுத்து, ரோபோவின் நெஞ்சில், பல்புக்கு மேலே வைத்தாள். அப்புறம்தான் கண்ணாடியைத் துடைத்தாள்.

"அழிக்கல மதினி. நெத்தியில இருந்தத நெஞ்சுக்கு மாத்தியிருக்கேன். அம்பாளுக்குத் தெரியும்."

மீனா அமுக்கினாள்.

பல்பு எரிந்தது. கர்ர்... கர்ர்... என்று ரோபோ நடந்து, நேராகப் பேச்சியின் முன்னால் போய் நின்றது. அவள் சுண்டலை எடுக்காமல் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்!! அதற்கப்புறம் அந்த வீட்டில் எழுந்த சிரிப்பு, மீனா சிரித்த சிரிப்பு... இன்னும் காதில் இருக்கிறது.

பிள்ளையின் பெருமையையும் என் பக்தியையும் ஒரே விரலில் காப்பாற்றினாளே, அந்த வயதில் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

இப்போது பேரன் வைத்திருக்கிற ரோபோ பேசுகிறது, பாடுகிறது. போன மாதம் அவன் இங்கே வந்திருந்தபோது அது நின்றுபோனது. திறந்து பார்ப்போம் என்று திருப்புளியோடு உட்கார்ந்தேன். ஒரு திருகு கூட இல்லை. சுற்றிலும் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். "வேற வாங்கிக்கலாம் ஆச்சி" என்று அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

பழைய ரோபோ இன்னும் எங்கள் கொலுவில் கீழ்ப்படியில் நிற்கிறது. வருஷா வருஷம் நெஞ்சில்தான் பொட்டு.

இந்த சரஸ்வதி பூஜைக்கு மீனா வெளியூரில் இருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். அவள் லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்திருந்தாள்... கேமராவை விட்டுத் தள்ளி, ஓரமாக.