ரேங்க் கார்டும் வயிற்றெரிச்சலும்

நைனார்பாளையத்தில் நான் வேலை பார்த்த பள்ளியிலேயே என் மகனும் படித்தான். வகுப்பில் "அப்பா" என்றால் மற்றவர்கள் ஓரவஞ்சனை என்பார்கள் என்று, "சார்" என்றே கூப்பிடச் சொன்னேன். வீட்டிலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். நான் திருத்தவில்லை; பெருமைப்பட்டேன். சோறு கேட்பதற்குக்கூட எழுந்து நிற்பான்.

எங்கள் மரவள்ளிக் கொல்லையில் கூலி வேலை செய்தவரின் மகளும் அதே வகுப்பு. ரேங்க் கார்டு கொடுத்த அன்று மாலை, நான் கொல்லையில் நிற்கும்போது, வரப்பில் அவரிடம் ஓடிவந்தாள்.

"யப்பா, கணக்குல முப்பதுதான். திட்டாத."

"கொறையுற அஞ்ச அடுத்த வாட்டி வாங்கிக்கினு வா. மொதல்ல கெழங்கத் துன்னு."

அவள் அவர் தலைத்துண்டை உருவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. என் மகன் தொண்ணூறு வாங்கியும் வாசலில் என் முகத்தைப் பார்த்தபடி நிற்பான்.

மறுநாள் அவரைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். "செல்லம் குடுத்துக் கெடுக்கிற. ரெண்டு போடு போட்டாத்தான் படிப்பா."

அவர் தலையைச் சொறிந்தார். "அடிச்சா மார்க்க எங்கிட்ட மறைச்சிடும் ஐயா. இப்ப நல்லது கெட்டது எல்லாத்தையும் சொல்லிக்கினு இருக்குது."

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அந்த மாதம் கல்வராயன் மலை அருவிக்குப் பிள்ளைகளை வேனில் அழைத்துப் போனோம். கணக்கில் தேறவில்லை என்று பட்டியலில் அவள் பெயரை மட்டும் அடித்துவிட்டேன். தேறாத இன்னும் நான்கு பேர் வேனில் இருந்தார்கள்.

கிளம்பும்போது என் மகன் ஏறவில்லை. "வயித்த வலிக்குது சார்."

மாலையில் திரும்பி வந்து கொல்லைக்குப் போனேன். அந்தத் தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, வாய் நிறையக் கிழங்கோடு ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான் என் மகன். அவன் அவ்வளவு பேசுவான் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்னைக் கண்டதும் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நின்றான். பொய் சொன்னதற்காக என்று சொல்லி அங்கேயே அடித்தேன். பொய்க்காக அடிக்கவில்லை.

இப்போது அவன் சென்னையில் இருக்கிறான். எட்டு வயதில் ஒரு மகள். கோடை விடுமுறைக்குப் பேத்தியை என்னிடம் விடச் சொல்லிப் போனில் கேட்டேன்.

"அவ நெறையப் பேசுவா சார். உங்களுக்குத் தொந்தரவு."

"பேசட்டும்பா. கேட்டுக்கிறேன்."

பிறகு, இரண்டு நாளைக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னான்; வந்தார்கள். சாப்பிடும்போது பேத்தி, பரீட்சையில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டதை அவனிடம் சொன்னாள். "அதுவும் தப்பாத்தான் இருந்துச்சுப்பா!" சிரித்ததில் அவனுக்குப் புரையேறியது. அவள் அவன் தலையில் தட்டிக்கொடுத்தாள். எழுபத்தாறு வயதில், பெற்ற மகனைப் பார்த்தே எனக்கு வயிறு எரிந்தது.

புறப்படும்போது மறுபடி கேட்டேன், ஒரு வாரமாவது விட்டுப் போ என்று.

"வேணாம் சார்," என்றான். குரலில் கோபம் இல்லை. பேத்தியைக் காரில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான். அவன் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.