லைசென்ஸுக்கு முன்னால் வந்த லைக்குகள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலுக்கு மூலதனம் இரண்டே: காலடியில் ஒரு கூடுதல் பிரேக், வாயில் ‘முன்னால் பாருங்கள்’ என்ற இரண்டு சொற்கள். மலாக்காவில் நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் பிரேக்தான் அதிகம் தேய்ந்தது. இப்போது சொற்கள் தேய்கின்றன. அந்தக் காலத்தில் என் மாணவர்களின் கண்கள் சாலையைப் பார்த்து மிரண்டன. இன்றைய கண்கள் மிரள்வதற்குக்கூடச் சாலைப் பக்கம் வருவதில்லை.

சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும் மகனிடம் “இன்னும் கொஞ்சம் சோறு போடவா?” என்று வாயால் கேட்டுக் களைத்து, கடைசியில் அவன் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிப் பதில் வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. ஒரே வித்தியாசம், உங்கள் மேசை மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போவதில்லை.

பின் இருக்கையில் பிஸ்கட் டின்

என் பயிற்சிக் காரின் பின் இருக்கையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. வகுப்பு தொடங்குமுன் மாணவரின் கைப்பேசி அதற்குள் போக வேண்டும் என்பது என் சட்டம். சட்டம் போட்ட அன்றே ஒன்று தெரிந்துகொண்டேன். தகர டின்னுக்குள் கைப்பேசி அதிர்ந்தால் பூசை நேரத்துக் கோயில் மணி தோற்றுப்போகும். சத்தம் கேட்டதும் மாணவர் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுவார், கார் நடுச்சாலையில் தியானம் செய்யும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். டின்னுக்குள் ஒரு துண்டு விரித்தேன். இப்போது தியானம் மட்டும் குறைந்திருக்கிறது.

தஞ்சோங் கிளிங்கிலிருந்து தேவகி வந்தார். நாற்பதைத் தாண்டியவர். ஆயர் குரோ தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிஃப்டு. தொழிற்சாலைப் பேருந்து அடுத்த மாதக் கடைசிக்குப் பிறகு தஞ்சோங் கிளிங் பக்கம் வராது என்று சொல்லிவிட்டார்கள். கணவர் மணி லாரி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் ஜொகூரில் இருப்பார். வீட்டில் பழைய கார் ஒன்று நிற்கிறது. அதைத் தேவகி ஓட்டினால் வேலை இருக்கும், ஓட்டாவிட்டால் இருக்காது. இவ்வளவையும் தெளிவாகச் சொன்ன பெண்மணி, கைப்பேசியை டின்னுக்குள் வைக்கச் சொன்னதும், பாலர் பள்ளி வாசலில் பிள்ளையை விட்டுப் போகும் தாயைப்போல் நின்றார்.

“மூடியைக் கொஞ்சம் திறந்து வைக்கலாமா டீச்சர்? மூச்சு முட்டுற மாதிரி இருக்கு” என்றார்.

“எதுக்கு, ஃபோனுக்கா?”

“எனக்குத்தான் டீச்சர்.”

கனடா ஆசிரியர்

இரண்டாவது வகுப்புக்குத் தேவகி தயாராக வந்தார். கைப்பேசியில் ஒருவர் ரீல்ஸ் போடுகிறாராம். அரை நிமிடத்தில் ஒரு பாடம், பின்னணியில் இசை. “நம்ம ஆளுதான் டீச்சர், தமிழ்லயே சொல்லித் தர்றாரு” என்றார். நான் ஒரு மணி நேரம் இசையில்லாமல் சொல்லித் தருகிறவள். இருந்தாலும் பொறாமைப்படவில்லை.

கடற்கரைச் சாலைச் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பச் சொன்னேன். சிக்னல் போட்டார். கண்ணாடி பார்த்தார். தோளுக்கு மேல் திரும்பியும் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு நிதானமாக, முகத்தில் புன்னகையோடு, எதிரே வருகிறவர்களின் தடத்தில் நுழைந்தார். எதிரே ஒரு மீன் லாரி வந்துகொண்டிருந்தது. என் காலடி பிரேக் தன் கடமையைச் செய்தது. லாரிக்காரர் சன்னலை இறக்கி மலாயில் சொன்னவற்றை, பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால், இங்கே எழுதவில்லை.

காரை ஓரம் கட்டி விசாரித்தேன். ரீல்ஸ் போடுகிறவர் நம்ம ஆள்தான், ஆனால் இருப்பது கனடாவில். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், இங்கே இடப்பக்கம். சாவிக் கொத்தையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் இரண்டு கார்களாக வைத்து, ஓட்டிக் காட்டி விளக்கினேன். தேவகி மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். ஆனாலும் முகத்தில் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

“அந்த வீடியோவ லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்காங்க டீச்சர். நீங்க சொன்னத நான் ஒருத்திதானே கேட்டேன்.”

மீன்கடையில் என் முகம்

தினேஷ் கல்லூரி மாணவர். ஆயர் குரோவில் தங்கிப் படிக்கிறார். டின்னுக்குள் கைப்பேசியை வைக்கச் சொன்னபோது மறுபேச்சே இல்லை. எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்தேன். அது அவருடைய இரண்டாவது கைப்பேசி என்பது பிறகுதான் தெரிந்தது. முதலாவது எனக்குத் தெரியாமல் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, எங்கள் வகுப்பை நேரலையாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு விழுந்தும் கார் நகரவில்லை. ஏன் என்று கேட்டேன். கிளட்சை இப்போது விடலாமா வேண்டாமா என்று பார்வையாளர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறார். முடிவு வருவதற்குள் விளக்கு மறுபடி சிவப்பாகிவிட்டது.

அன்று நான் “பிரேக்” என்று கத்திய முகத்தை யாரோ வெட்டி ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். கணவன் தேவையில்லாத சாமான் வாங்கும்போது மனைவிமார் அனுப்பும் படமாக அது குடும்பக் குழுக்களில் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மீன் வாங்கப் போனேன். மீன்காரத் தம்பி என்னைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு ஆறுதலாகச் சொன்னார்:

“ஸ்டிக்கர்ல பார்த்ததுக்கு நேர்ல கொஞ்சம் சாந்தமாத்தான் இருக்கீங்கக்கா.”

சிவப்பு விளக்கில் ஒரு கை

தேவகி இப்போது இடப்பக்கமே ஓட்டினார். கியர் மாற்றினார், காரை ஒழுங்காக நிறுத்தினார். ஒரே ஒரு குறை. கார் எங்கே நின்றாலும் அவருடைய இடது கை மடிக்குப் போய்விடும். மடியைத் தடவும், பக்கத்தில் துழாவும், ஒன்றும் கிடைக்காமல் வெட்கத்தோடு திரும்பி வரும். கைப்பேசி பின்னால் டின்னுக்குள் தூங்குகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் அதை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார். அன்றும் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கை புறப்பட்டுப் போய்த் தேடிவிட்டு வந்தது. பேருந்திலும் வரிசையிலும் நிற்கிற இடத்தில் எல்லாம் வருடக்கணக்காகச் செய்த பயிற்சி. என் ஒரு மாதப் பயிற்சி அதனோடு போட்டி போட வேண்டியிருந்தது.

“கார் நின்றதும் அந்தக் கைக்கு ஒரே வேலைதான், ஹேண்ட்பிரேக்கை இழுப்பது” என்று எத்தனையோ முறை சொன்னேன். அன்றும் சொன்னேன்.

“எனக்குத் தெரியுது டீச்சர். கைக்குத்தான் தெரியல.”

நல்ல நேரத்தில் ஒரு பாஸ்

தேர்வு ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. நான் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, எனக்கு முன்னால் வந்து பசியாறிக்கொண்டிருந்த சக பயிற்றுநர் ஒருவர் கைகொடுத்து வாழ்த்தினார். எதற்கு என்று கேட்டேன். கைப்பேசியைக் காட்டினார். கோயில் வாசலில் மாலை போட்ட கார், நெற்றியில் சந்தனம் வைத்ததுபோல் முன்பக்கம் முழுக்கச் சந்தனம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள். ஓட்டுநர் இருக்கையில் தேவகி சிரித்துக்கொண்டிருந்தார். மேலே எழுதியிருந்தது: ‘லைசென்ஸ் பாஸ். குலதெய்வத்துக்கும் டீச்சருக்கும் கோடி நன்றி.’ கீழே ஊரே திரண்டு வாழ்த்தியிருந்தது.

தேவகியைத் தேடிப் பிடித்தேன். எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றியது மணிதான் என்றும், தான் படத்துக்காக மட்டும் உட்கார்ந்ததாகவும் நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

“தேர்வே இனிமேல்தானே தேவகி?” என்றேன்.

“எட்டு மணி ராகு காலத்துல வருது டீச்சர். அதான் நல்ல விஷயத்த நேத்து சாயங்காலமே நல்ல நேரம் பார்த்துப் போட்டுட்டோம்.”

மேடு

தேர்வுத் திடலில் ஒரு செயற்கை மேடு உண்டு. பாதி ஏறி, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பிறகு பின்னால் வழுக்காமல் மேலே போக வேண்டும். தேவகி அழகாக ஏறினார். கோட்டில் அச்சாக நிறுத்தினார். கார் நின்றது. கார் நின்றால் இடது கைக்கு எங்கே போய்ப் பழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அது மடிக்குப் போனது. ஹேண்ட்பிரேக் போட்டாயிற்று என்று நம்பிக் கால் பிரேக்கை விட்டது. கை துழாவி முடிப்பதற்குள் கார் பின்னோக்கி இறங்கி வந்துவிட்டது. அதிகாரி முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் தாளில் ஒரு கோடு போட்டார்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்த தேவகி கைப்பேசியைத் திறந்தார். வாழ்த்துகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. நன்றி சொல்லாவிட்டால் திமிர் என்று நினைப்பார்களே என்று, ஃபெயிலான கையால் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டு அனுப்பினார். அப்போதுதான் கஸ்தூரியின் செய்தி வந்தது. கஸ்தூரி அதே வரிசையில் குடியிருப்பவர், அதே ஷிஃப்டு. பேருந்து நின்ற பிறகு போவதற்கு ஒரு வேனில் இடம் சொல்லி வைத்திருந்தார். தேவகி அந்தச் செய்தியை எனக்குப் படித்துக் காட்டினார்: ‘முதல் தேதியிலேர்ந்து உன் காடியிலதானே போகப் போறோம்? வேன்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்லா. அவனும் வேற ஆள் போட்டுட்டான்.’

கும்பிடுகள் நின்றன. தேவகி எழுந்து என் காருக்குப் போனார். பின் கதவைத் திறந்து, தானே கைப்பேசியை டின்னுக்குள் வைத்தார்.

“இன்னிக்கு மூடிய நல்லா இறுக்கி மூடிடுங்க டீச்சர்.”

பின் இருக்கையில் காவல்

மறுதேர்வுக்கு மாதத்தின் கடைசி வாரத்தில், வியாழக்கிழமை இடம் கிடைத்தது. அதற்கு அடுத்த வாரம் பேருந்து கிடையாது, வேனும் கிடையாது. தேவகி கஸ்தூரியின் வீட்டுக்கு நடந்து போய் உண்மையைச் சொன்னார். ஊருக்கே அறிவித்ததைத் திருத்துவதற்கு ஒரே ஒருவர் வீட்டுக்கு மட்டும்தான் கால் நடந்தது. ஆனாலும் நடந்தது. பதிவை மட்டும் நீக்கவில்லை. நீக்கினால் ஏன் நீக்கினாய் என்று கேட்பார்களாம்.

கஸ்தூரி திட்டி முடித்ததும், இனி ஒவ்வொரு வகுப்புக்கும் தானும் வருவதாகச் சொன்னார். இருவர் வேலையும் இந்த ஒரு ஹேண்ட்பிரேக்கில் தொங்குகிறதே. பின் இருக்கையில் உட்கார்ந்து டின்னை மடியில் வைத்துக் காவல் காத்தார். டின் அவருடைய இடது கையில். அவருடைய கைப்பேசி வலது கையில். முதல் சிவப்பு விளக்கில் தேவகியின் கை மடிக்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது:

“அடியே, உன் போஸ்டுக்கு இன்னமும் லைக் வந்துகிட்டேதான் இருக்குலா.”

உறை போட்ட ஹேண்ட்பிரேக்

திட்டினால் கை கேட்காது என்று புரிந்துபோனது. அதற்குத் தேவையானதைக் கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். தேவகியின் கைப்பேசி உறை ரப்பரால் ஆனது. பளபளப்புத் தூள் ஒட்டியது, முதுகில் ஒரு கரடி பொம்மை. அதைக் கழற்றி ஹேண்ட்பிரேக்கில் சுற்றி ரப்பர் வளையம் போட்டேன்.

முதல் நாள் கை வழக்கம்போல் மடிக்குப் போனது. நான் அதை மணிக்கட்டில் பிடித்துக் கரடியின் மேல் வைத்தேன். அடுத்த நாளும் வைத்தேன். வார முடிவில், ஆயர் குரோவின் நீளமான சிவப்பு விளக்கு ஒன்றில், நான் ஒன்றும் சொல்லாமலே கை மடியைத் தாண்டி நேராகக் கரடியிடம் போய் அதைப் பிடித்து இழுத்தது. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது உறையைக் கழற்றிவிட்டேன். கை ஏமாந்ததாகத் தெரியவில்லை.

இடையில் ஒருநாள் அதைக் கழற்ற மறந்து தினேஷின் வகுப்புக்குப் போய்விட்டேன். அவர் ஹேண்ட்பிரேக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலில் முதன்முறையாக என் மேல் மரியாதை இருந்தது.

“இது செம்ம கண்டென்ட் டீச்சர். நீங்க ஏன் ஒரு சேனல் தொடங்கல?”

பழைய செய்தி

வியாழக்கிழமை. கார் மேட்டில் ஏறியது, மஞ்சள் கோட்டில் நின்றது. கீழே நின்ற எனக்குத் தேவகியின் கை தெரியவில்லை. பின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசையவில்லை. பிறகு முன்னால் மட்டும் உருண்டு, மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் மறைந்தன. சாலைத் தேர்வும் முடிந்தது. அதிகாரி அதே முகத்தோடு பாஸ் என்றார்.

தேவகி டின்னைத் திறந்து கைப்பேசியை எடுத்தார். முடிவுத் தாளோடு ஒரு படம், அதற்குமேல் ‘லைசென்ஸ் பாஸ்’. இந்த முறை நல்ல நேரம் எதுவும் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். நான் தேநீர் வாங்கி வந்து கொடுத்தேன், குடித்து முடித்தோம். கைப்பேசி அசையவில்லை. கடைசியில் ஒரு சித்தி மகள் எழுதினாள்: ‘அக்கா, இத அப்பவே பார்த்துட்டோம்லா.’ பரிதாபம் தாங்காமல் நானே என் ஸ்டிக்கரை அனுப்பி வைத்தேன்.

தேவகி சிரித்தார். பிறகு கைப்பேசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“ஃபெயிலானப்ப ஊரே வாழ்த்துச்சு டீச்சர். பாஸானதுக்கு நீங்க ஒருத்தர்தான்.”

முதல் தேதி காலை தேவகியே ஓட்டிப் போனார், பக்கத்தில் கஸ்தூரி. ஆயர் குரோ போகும் வழியில் ரோட்பிளாக். தேவகி லைசென்ஸை எடுப்பதற்குள், உதவி செய்யும் எண்ணத்தில், கஸ்தூரி அந்தப் பழைய பதிவைத் திறந்து போலீஸ்காரரிடம் நீட்டியிருக்கிறார்.

இப்போது மலாக்காவில் லைசென்ஸ் இரண்டு விதமாகக் கிடைக்கிறது, ஒன்றை ஊரார் லைக் போட்டுக் கொடுப்பார்கள், மற்றதை ஒரு அதிகாரி சிரிக்காமல் கொடுப்பார், ரோட்பிளாக்கில் நிற்கிறவர் மட்டும் காலத்துக்கு ஏற்ப மாறாமல் இன்னும் இரண்டாவதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.