கடைசிச் சனிக்கிழமைக் காடைகள்

எல்டன் பென்னர் நல்ல மனிதர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் வந்தது.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துத் தெற்கு ஓரத்தில், கூட்டுறவு தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவர். ஒரு லாரிக்கும் ஒரு கைப்பிடி குறைத்துப் போட்டதில்லை. தேவாலயத்தில் நாற்காலி அடுக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடாமலே வந்து நிற்பார். ஆனால் நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை, காடை வேட்டை தொடங்கும் நாள் வந்துவிட்டால், உலகமே கவிழ்ந்தாலும் அவர் நாயோடு வயலில்தான் இருப்பார். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து ஒரு தொடக்க நாளைக்கூட அவர் விட்டதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி லொரெட்டா இறந்ததும் ஒரு தொடக்க நாளில்தான்.

லொரெட்டா படுத்த படுக்கையாக இருந்தாள்; இன்னும் மூன்று வாரம் தாங்குவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலை ஆறு மணிக்கு, "மத்தியானம் வந்துடறேன்" என்று கிளம்பினார் எல்டன். போனை வண்டியிலேயே வைத்துவிட்டார், மணியடித்தால் பறவை கலையும் என்று. லொரெட்டா பத்து மணிக்கு முன்னாலேயே போய்விட்டாள். மகள் ட்ரினா மட்டும் பக்கத்தில் இருந்தாள். அவள் பதினேழு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றரை மணிக்கு, சட்டைப் பையில் நான்கு காடைகளும் கையில் ஒட்டிய இறகுமாக அறைக்குள் நுழைந்தார் மனிதர். ட்ரினா அவரை ஒரு முறை பார்த்தாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவள் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதில் அவள் பெயர் மட்டும் இருக்கும்.

அப்படிப்பட்டவள் இந்த ஜனவரி இரண்டாம் தேதி வடக்கே ஒமாஹா நகரத்திலிருந்து போன் செய்தாள்.

"சீசன் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்கவில்லை.

"இருக்கும்மா. முப்பத்தொண்ணு வரைக்கும் இருக்கு. சனிக்கிழமைதான் கடைசி நாள்."

"அன்னைக்கு வரேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க. துப்பாக்கியெல்லாம் வேண்டாம், சும்மா கூட நடக்கறேன்."

எல்டன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "என்னம்மா திடீர்னு?"

"அம்மாவை விட்டுட்டுப் போற அளவுக்கு அங்க என்னதான் இருக்குன்னு ஒரு தடவை என் கண்ணால பாக்கணும்பா. பாத்துட்டா மனசு ஆறுமோ என்னவோ. இல்லைன்னா இத்தோட விட்டுடறேன்."

இத்தோட விட்டுடறேன் என்று அவள் சொன்னதன் அர்த்தம் அவருக்குப் புரிந்தது. இனிமேல் அந்த அட்டைகூட வராது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது திட்டம். முன்பெல்லாம் எல்டன் கதவைத் தட்டிக் கேட்டால் எந்த விவசாயியும் போய்க்கோ என்பான். இப்போது அந்த நிலங்களையெல்லாம் வெளியூர்ப் பணக்காரர்கள் மான் வேட்டைக்கென்று வளைத்துப் போட்டாயிற்று. மிச்சமிருப்பது பொது அனுமதி நிலங்கள்தான். சொந்தக்காரன் வேறொருவன். அரசாங்கம் அவனுக்குக் குத்தகைப் பணம் கொடுத்து, வேலியில் பலகை அடித்திருக்கும். யாரும் நடந்து போய் வேட்டையாடலாம், வண்டி உள்ளே போகக்கூடாது. யாரும் போகலாம் என்றால் எல்லோரும் போவார்கள், வேறென்ன? ஜனவரிக்குள் நாலு மாநில நாய்கள் அந்த நிலங்களை மோந்து தீர்த்திருக்கும். அதற்குப் பிறகும் உயிரோடிருக்கும் காடை பட்டுத் தெளிந்த காடை. வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் போதும், ஓடத் தொடங்கிவிடும்.

எல்டன் சமையலறை மேஜையில் வரைபடப் புத்தகத்தை விரித்தார். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் பென்சிலால் அடித்தார். அங்கே சோம்பேறிகள் நடந்து முடித்திருப்பார்கள். தூரத்து மூலைகளாகப் பார்த்து வட்டம் போட்டார். காற்று வடக்கிலிருந்து வந்தால் எங்கே நிறுத்துவது, தெற்கிலிருந்து வந்தால் எங்கே, உறைபனி எத்தனை மணிக்கு இளகும், ட்ரினா எவ்வளவு தூரம் நடப்பாள், எங்கே உட்கார வைத்துக் காபி கொடுப்பது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போனார். நிலாவுக்குப் போகிறவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

ஆறாம் தேதி அவர் தேடியது கிடைத்தது. சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே, சோளம் அறுத்த வயலும் ஓடைப் பள்ளமும் சேரும் இடத்தில், மணல் ப்ளம் என்ற காட்டுப் பழச்செடியின் புதர் ஒன்று. மிட்ஜ் என்ற அவருடைய பெட்டை நாய் அங்கே சிலையாக நின்றது. எல்டன் புதருக்குள் எட்டி மிதித்தார். பதினான்கு காடைகள் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பின. அவர் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். பதினான்கும் ஒன்றாக எழும்பினால் பார்க்கிறவர் நெஞ்சு ஒரு நொடி நின்றுதான் போகும். ட்ரினாவுக்கும் நிற்கும். அந்த நொடியில் அவளிடம் சொல்லிவிடலாம்.

சொல்ல ஒன்று இருந்தது. அன்று காலை லொரெட்டாவே சொன்னாள்: "போயிட்டு வா எல்டன். இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தா நான் எழுந்து நடந்துடுவேனா?" இதை ஆறு வருஷமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. செத்தவள் தலையில் பழியைப் போடுகிறான் என்பார்கள். ஆனால் காடை எழும்பிய கையோடு சொன்னால் மகளுக்குப் புரியும் என்று நம்பினார். பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு எதுவும் இல்லை.

அதோடு அந்தப் புதரை விட்டுவிட்டு வீட்டில் இருந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எல்டனால் முடியவில்லை. பன்னிரண்டாம் தேதி, வேறு யாராவது சுட்டுவிட்டார்களோ என்று பார்க்கப் போனார். பதினொன்று எழும்பின. பதினாறாம் தேதி பனி கொட்டியது. இருக்கிறதா செத்ததா என்று பார்க்கப் போனார். அதே பதினொன்று. ஆனால் வெள்ளைப் பனியின் மேல் பறக்கும் காடை ஒரு மைல் தூரத்துக்குத் தெரியும். அவர் கண்ணெதிரிலேயே வேலிக்கம்பத்திலிருந்து ஒரு பருந்து இறங்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்த பிறகாவது சும்மா இருந்தாரா? இருபத்தொன்றாம் தேதி மறுபடி போனார். எட்டு.

கூட்டுறவுக் கடையின் காபி மேஜையில் வெண்டல் ராட்ஸ்லாஃப் அவரைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். வெண்டலுக்கு வாய் நீளம்.

"எங்கப்பா, காதலியைப் பாக்கப் போயிட்டு வர்றியா?"

"சும்மா இருய்யா."

"எத்தனை இருக்கு?"

"எட்டு."

வெண்டல் கப்பைக் கீழே வைத்தார். "போன வாரம் பதினொண்ணுன்னே. யோவ், நீ ஒரு குண்டும் சுடாமலே கூட்டத்தைக் காலி பண்ணிடுவ போலிருக்கே! ஒவ்வொரு தடவை நீ கிளப்பி விடும்போதும் அது சிதறுது. சிதறினது திரும்பிச் சேர்றதுக்குள்ள பருந்து ஒண்ணு, குளிர் ஒண்ணுன்னு எடுத்துக்குது. விதைச்சதைத் தினம் தோண்டிப் பாக்கற ஆளை இப்பத்தான்யா பாக்கறேன்."

"இருக்கான்னு தெரியாம மகளை எப்படிய்யா கூட்டிட்டுப் போறது?"

"மத்தவன் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா போறான்? வீட்டுல உக்காரு. டி.வி. பாரு. கால்ல ஒரு சங்கிலி போட்டுக்கோ."

எல்டன் தலையாட்டினார். இருபத்தைந்தாம் தேதி போனார், இருபத்தொன்பதாம் தேதியும் போனார். லொரெட்டாவின் கட்டிலருகே அரை நாள் உட்கார முடியாத மனிதர், ஒரு காடைக் கூட்டத்தை ஒரு வாரம் சேர்ந்தாற்போல் விட்டு இருக்க முடியாமல் தவித்தார். கடைசியாக எண்ணும்போது ஏழு இருந்தன. வேறு கூட்டம் தேடலாம் என்று மூன்று நிலங்களில் முழங்கால் வீங்க நடந்தார். அங்கே பழைய தோட்டா உறைகளும் நாய்க்கால் தடங்களும்தான் கிடந்தன.

வெள்ளிக்கிழமை ட்ரினா வந்தாள். வீட்டுக்கு வராமல் ஊர் எல்லை விடுதியில் தங்கினாள். எல்டன் அவளுக்காக அறையைக் கூட்டிப் புதுப் போர்வை விரித்திருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலியோரம் வந்து காரை நிறுத்தினாள். நாற்பது வயதில் முன்நெற்றி முடியில் நரை விழுந்திருந்தது. நடக்கும்போது அப்படியே லொரெட்டாதான்.

"கதவை மெதுவா சாத்தும்மா" என்றார் எல்டன். ஆறு வருஷம் கழித்து நேரில் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சரி" என்றாள் அவள்.

ஒரு மைல் நடந்தார்கள். உறைந்த புல் காலடியில் நொறுங்கியது. வழியில் ஒரு கட்டையில் உட்கார வைத்து, கோஸும் கறியும் அடைத்த பீரோக் பன்னைக் கொடுத்தார். அவள் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் மடித்தாள்.

"அம்மா கையில வேற மாதிரி இருக்கும்" என்றாள்.

"ஆமா. இது சர்ச்சுல விக்கிறது."

"முழங்கால் எப்படி இருக்கு? நொண்டறீங்களே."

"அது கிடக்குது." அவள் கேட்டுவிட்டாளே என்று எல்டனுக்குக் கண் கலங்கியது. எல்லாம் சரியாகிவிடும் போலத் தோன்றிய நேரம் அந்த ஒன்றுதான்.

புதருக்கு முப்பது அடி முன்னால் மிட்ஜ் நின்றது. வால் விறைத்தது. எல்டன் மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். "அங்க பாரு, கண்ணை எடுக்காதே" என்று கிசுகிசுத்தார். ஒரு அடி வைப்பதற்குள், புதரின் அந்தப் பக்கத்திலிருந்து, தூரத்தில், அவை கிளம்பின. பட்டுத் தெளிந்த பறவைகள் அவ்வளவு நேரம் காத்திருக்குமா? விர்ரென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பழுப்பாக ஐந்து உருண்டைகள் ஓடையைத் தாண்டின. எல்டனின் துப்பாக்கி பழக்கத்தில் பாதி எழுந்து, தானாகவே இறங்கியது. எல்லாம் இரண்டு நொடிதான்.

ட்ரினா இன்னும் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

அவள் குரலில் கிண்டல் இல்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது என்று நினைத்துத்தான் கேட்டாள்.

"நிறைய இருந்துச்சும்மா. பதினாலு இருந்துச்சு. நீ அப்பப் பாத்திருக்கணும்..."

"ஏன் சுடலை?"

"அஞ்சுதான் இருக்கு. எட்டுக்குக் கீழ போனா நாங்க சுட மாட்டோம். ராத்திரி அதுங்க வட்டமா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உக்காரும். அந்தச் சூட்டுலதான் விடியற வரைக்கும் தாங்கும். ஆள் குறைஞ்சா வட்டம் சேராது. குளிர்ல போயிடும்."

அவள் அந்த ஐந்தும் போன திசையைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "அம்மாவும் அன்னைக்குக் குளிருதுன்னு சொல்லிட்டே இருந்தா. மூணு போர்வை போட்டேன். அப்புறம் நானும் பக்கத்துல படுத்துக்கிட்டேன். எங்க ரெண்டு பேர் சூடு பத்தலை."

எல்டனின் நாய் ஓடைப்பக்கம் மோந்துகொண்டே போனது. அவர் அதைக் கூப்பிடவில்லை. மாதம் முழுக்க ஒத்திகை பார்த்த பேச்சை, நேரம் கெட்ட நேரத்தில், வேறு வழியே இல்லாமல் வெளியே எடுத்தார்.

"அவதாம்மா என்னைப் போகச் சொன்னா. சத்தியமா. போயிட்டு வா எல்டன்னு அவளேதான் சொன்னா."

"தெரியும்பா" என்றாள் ட்ரினா. "என்னையும்தான் போகச் சொன்னா. கீழ போய் ஒரு காபி குடிச்சிட்டு வாடின்னு, நாலு தடவை. நான் போகலை."

எல்டன் துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களை எடுத்துவிட்டு மிட்ஜைக் கூப்பிட்டார்.

திரும்பி ஒரு மைல் நடந்தார்கள். அவர் நொண்டியபோது அவள் நின்று காத்திருந்தாள், ஒரு பள்ளத்தில் கைகூடக் கொடுத்தாள். வேலியோரம் வந்ததும் "கூட்டிட்டு வந்ததுக்கு நன்றிப்பா" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அந்தக் கோபமாவது இருந்தால் தேவலை என்று எல்டனுக்கு இருந்தது. கார்க் கதவை அவர் சொன்னபடியே மெதுவாகச் சாத்திக்கொண்டு அவள் வடக்கே போனாள்.