கடை ஓடுது

என் தம்பியிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். உடம்பு எப்படி? ஓடுது. பிள்ளை படிப்பு? ஓடுது. கடை? அதுவும் ஓடுது. மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு வேறு சொல் தெரியாதா என்று நான் கிண்டல் செய்வேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, கடைசியில் சுவிட்சைப் போட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் அவன் சொல்வது அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லத்தான் அவனுக்குக் கூலி.

அவன் மனைவி டாக்டர். காயில்காரனுக்கு டாக்டர் எப்படிக் கிடைத்தாள் என்று கேட்காத ஆள் இல்லை. கேட்கிறவர்கள், ஏதோ நான்தான் சொக்குப்பொடி போட்டமாதிரி என் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் தங்கிப் படித்த விடுதியில் தண்ணீர் மோட்டார் அடிக்கடி எரியும். இவன் அடிக்கடி போவான். கதை அவ்வளவுதான். "ஒழுங்கா கட்டியிருந்தா ஏன் அடிக்கடி எரியுது?" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்பார்.

கல்யாணமாகி, பாப்பா பிறந்து, அவள் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்தவரை குறை ஒன்றும் இல்லை. பிறகு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. மூன்று வருடம் பெரிய ஆஸ்பத்திரியிலேயே தங்கி ராப்பகலாக வேலை செய்ய வேண்டும். அதற்குப் பெயர் படிப்பு. அதற்குக் கொடுப்பது சம்பளம் இல்லை, ஸ்டைபண்ட். அது சில மாதம் வரும், சில மாதம் வராது, பிறகு யாருக்கோ ஞானோதயம் வந்தமாதிரி சேர்த்து வரும்.

"நீ போய்ப் படி. வீட்டை நான் பாத்துக்கறேன். கடைதான் ஓடுதே" என்றான் தம்பி. அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

வினை 'டாக்டர் வீடு' என்ற பட்டத்தில் வந்தது. அதுவரை "ஏம்ப்பா" என்று கூப்பிட்ட வீட்டுச் சொந்தக்காரர், "உங்களுக்கெல்லாம் இது ஒரு காசா சார்?" என்று வாடகையை ஏற்றினார். அந்த 'சார்' போட்டதற்கே தனியாக வாங்கிவிட்டார் மனிதர். கடைக்கு வருகிறவர்களோ சரி செய்த மோட்டாரைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு, "வீட்டுல டாக்டரை வெச்சுக்கிட்டு உங்களுக்கென்ன அவசரம்? அடுத்த மாசம் தர்றேன்" என்று போய்விடுவார்கள். செம்புக் கம்பி விற்கிறவன் மட்டும் யார் வீட்டுக்கும் கடன் தரமாட்டான். ரொக்கத்தைக் கண்ணால் பார்த்தால்தான் கம்பியைத் தராசில் ஏற்றுவான்.

வாயைத் திறந்து "இல்லை" என்று சொன்னால் என்ன? இவனுக்கு நாக்கு எழாது. சொன்னால் பெண்டாட்டியின் பெயர் கெட்டுவிடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் குடும்பம் நடத்தின விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்டைபண்ட் வந்தால் வாடகை பாக்கிக்கும் அவள் விடுதிச் செலவுக்கும் சரியாகப் போகும். கூலி வந்தால் கம்பி வாங்கப் போகும். பால், மளிகை, பாப்பாவின் பள்ளிக் கட்டணம் எல்லாம் கருகின செம்பில்தான். பிரித்தெடுத்த பழைய கம்பி காயில் கட்டுகிறவனுக்கே சேரும் என்பது தொழில் வழக்கம். அதை மூட்டையில் சேர்த்து எடைக்குப் போடுவான். "ஊர்ல நாலு மோட்டார் எரியணும்னு வேண்டிக்கக்கா, அப்பத்தான் என் அடுப்பு எரியும்" என்பான். இரண்டாம் வருடம் பார்த்து மின்சாரம் ஒழுங்காக வந்து தொலைத்தது. ஏற்றம் இறக்கம் இல்லாத கரண்ட். ஊரே மகிழ்ந்துபோனது. இவன் மூட்டை நிறையவில்லை.

முதலில் ஸ்கூட்டரை விற்றான். பிறகு கம்பி சுற்றும் மெஷினை விற்றுவிட்டுக் கையாலேயே சுற்றினான். வேலை பாதியாகக் குறைந்தது. "அவகிட்ட சொல்லித் தொலையேன்டா" என்று ஒருநாள் கத்தினேன். துணி தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டே கத்தினேன்.

"அவ ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குக் கெட்ட சேதி சொல்றா தெரியுமாக்கா? நானும் ஒண்ணு சேத்துச் சொல்லணுமா?"

"அப்ப எதுக்குடா ஓடுதுன்னு பொய் சொல்ற?"

"பொய் இல்லக்கா. மூணு பேஸ் கரண்ட்ல ஒரு பேஸ் போனாலும், ஓடிட்டிருக்கிற மோட்டார் உடனே நிக்காது. ஓடும். சத்தம் மட்டும் கொஞ்சம் மாறும்."

"அப்புறம்?"

"அப்புறம் காயில் கருகும்" என்றான். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி வருடம் அவளுடைய தேர்வுக் கட்டணம், தீசிஸ் அச்சடித்து பைண்டிங் போடுகிற செலவு, பள்ளிக் கட்டணம் மூன்றும் ஒன்றாக வந்து நின்றன. கடைக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டான். அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அவளிடம் சொல்லக் கூடாது என்று பாப்பா தலைமேல் அடித்து என்னிடம் சத்தியம் வாங்கினான். "அவ படிப்பு முடிஞ்சதும் திரும்பக் கடையைப் பிடிச்சிடலாம்க்கா. கொஞ்ச நாள்தான்." அந்த ஒரு நினைப்பில்தான் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர் மோட்டார் விற்கிற ஒரு பெரிய ஷோரூமில் விற்பனையாளராகச் சேர்ந்தான். தேதி தவறாத சம்பளம். பள்ளிக்கூடம் தேதியைத்தானே பார்க்கிறது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. மோட்டார் பழுது என்று வருகிறவர்களிடம், "பழசுக்கு ஏன் சார் செலவு பண்றீங்க? புதுசு வாங்கிடுங்க" என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒருவரிடம், இது காயில் மாற்றினால் இன்னும் பல வருடம் உழைக்கும் என்று உண்மையைச் சொல்லிவிட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அப்புறம் பழகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தேர்வெல்லாம் முடிந்து ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், வீங்கின கால். அவளைத் திட்ட என்று நிறைய சேர்த்து வைத்திருந்த நான், அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். டம்ளரை வாங்கினவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட நகக்கண்ணில் வார்னிஷ் கறையோடு நின்றவன் அவன்.

"கை இவ்வளவு சுத்தமா இருக்கே! ஆள் போட்டுட்டீங்களா கடைக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "ம். ஓடுது" என்றான்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு நிம்மதி. என் கை பாப்பா தலைமேல் இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

ரிசல்ட் வரும்வரை வார்டு வேலை உண்டு என்று மறுநாளே அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் எல்லோரும் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். தேறிவிட்டாள். அதுமட்டுமல்ல, அதற்கும் மேலே ஒரு படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வேறு ஊர். இன்னும் மூன்று வருடம். அதே ஸ்டைபண்ட்.

"முதல்ல வேண்டாம்னுதான் நெனச்சேன் அண்ணி. ஒரு ஆஸ்பத்திரில நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டாங்க, அதுக்கே போயிடலாம்னு இருந்தேன். ஆனா இவர் ஆள் வெச்சு நடத்துற அளவுக்குக் கடை வந்துடுச்சே. அந்த தைரியத்துலதான் நேத்து சேர்ந்துட்டேன். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கொடுத்தாச்சு, நடுவுல விட்டா பணம் கட்டணும்னு பாண்டுல கையெழுத்துப் போட்டாச்சு. நேர்ல சொல்லி அசத்தணும்னுதான் போன்ல சொல்லல."

"எந்தக் கடைம்மா?" என்றேன். சத்தியமாவது மண்ணாவது, என்னால் முடியவில்லை.

அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். சிரிப்பு மெல்லப் போய்விட்டது. எழுந்து வந்து அவன் இடது கையை எடுத்துத் திருப்பி, ஒவ்வொரு விரலாக நகத்தைப் பார்த்தாள். நோயாளியைப் பார்க்கிறமாதிரிதான் பார்த்தாள்.

"ஓடுதுன்னு சொன்னீங்களே..."

"நின்னுடுச்சு" என்றான் அவன். அந்தச் சொல்லை அவன் வாயால் நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"எப்ப?"

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். பாப்பா சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனது. அவள் அழவில்லை. பாண்டை மீறி வெளியே வந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று நான் கேட்டேன். அவள் தொகையைச் சொன்னாள். நானும் தம்பியும் என் வீட்டுக்காரரும் எங்களையே எடைக்குப் போட்டாலும் அது தேறாது. அன்று மாலையே அவள் புறப்பட்டாள். மறுநாள் காலை வார்டில் நிற்க வேண்டும்.

இப்போது பாப்பா எங்கள் வீட்டில் இருக்கிறது. தம்பி ஷோரூம் முடிந்து நேரே இங்கே வருவான். அவன் வந்ததும் அவள் போன் வரும். கடை எப்படி என்று அவள் கேட்பதில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும்தான் கேட்பாள்.

"ஆச்சு" என்பான்.

அவனுக்காக நான் எடுத்துவைத்த தட்டு கவிழ்த்தது கவிழ்த்தபடி இருக்கும்.