பக்கம் திருப்பாமல் படித்த கதை

டங்... டங்... டங்...

தண்டவாளத் துண்டை இரும்பால் அடிக்கும் சத்தம். கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்த அந்த மாதம் முழுக்க எனக்கு விடியல் என்றால் அதுதான், நண்பர்களே.

அந்தச் சத்தம் கேட்டதும் பெரட்டுக்கு ஆள் கூடும். ரப்பர்ப் பால் இறக்கப் பால்மரம் வெட்டுகிறவர்களை இருட்டிலேயே வரிசையாக நிறுத்தி, என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். மலாயாவில், புக்கிட் பெருவாங் பக்கத்துத் தோட்டத்தில் அப்போது அவர் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். அவர் குரல் மட்டும் விழவில்லை, பக்கத்து மலாய்க்காரர் கம்பத்து நாய்களே எழுந்து குரைக்கும்.

முதலில் எனக்கு வந்தது மலேரியாக் காய்ச்சல். கொய்னா மருந்து குடித்துக் குடித்து காதுக்குள் வண்டு இரைந்தது. ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது என்று எழுந்து உட்கார்ந்தால், கண் இரண்டும் சிவந்து புண்ணாகி, வெளிச்சம் பட்டாலே உயிர் போயிற்று.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர். மருந்து விட்டு இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினார்.

"ஒரு மாசத்துக்குக் கண்ணைத் தொறக்கப்படாதும்மா. நான் தெனம் வந்து மருந்து விடுறேன். பார்வை திரும்புமா திரும்பாதான்னு அப்பறந்தான் சொல்ல முடியும்."

அவர் போனபிறகு அழுதேன். கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று அதற்கும் திட்டு விழுந்தது.

ஆனால் சும்மா கிடக்கிற புத்தி எனக்கு இல்லை. வாசலில் நடப்பது யார் என்று காலடியை வைத்தே சொல்லப் பழகினேன். ரொட்டி பாய் சைக்கிள் மணி அடித்தால் இன்று ரொட்டி சூடா, ஆறியதா என்று வாசனையிலேயே கண்டுபிடிப்பேன். கொய்னாக் கசப்புக்கு மேல் ஒரு துண்டு குலா மலாக்கா வெல்லத்தை நாக்கில் ஒதுக்கிக்கொண்டு, தகரக் கூரையில் மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதெல்லாம் சுகமாகத்தான் இருந்தது.

ஒன்றுதான் பொறுக்கவில்லை. மலாக்கா டவுனில் ராவுத்தர் கடையில் வாங்கிய நாவல் பாதியில் நின்றுபோயிருந்தது. ரப்பர் இலையை அடையாளம் வைத்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தவள் நான். மீதியில் என்ன ஆகிறது?

"என்னங்க, நீங்க படிச்சுக் காட்டுங்களேன்."

கதை படிப்பது வேலையற்றவர்கள் வேலை என்பது அவர் கட்சி. இருந்தாலும் அன்று சாயங்காலம் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதையையும் பெரட்டுக் குரலில்தான் படித்தார். கதாநாயகி பெயர் காமாட்சி. அதை அவர் "காமாட்சி!" என்று முழங்கினார் பாருங்கள்...

"இருக்கேனுங்கய்யா!" என்று வெளியே இருந்து பதில் வந்தது. எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்த பால்மரக்காரப் பெண்ணின் பெயரும் காமாட்சி!

வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றிலிருந்து அவளும் குடத்தை இறக்கிவிட்டு, படியில் உட்கார்ந்து கதை கேட்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் படித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கியபோது பெரட்டுக் குரல் காணாமல் போயிருந்தது. கதைக் காமாட்சி கப்பலேறி மாமன் வீட்டுக்குப் போனாள். அங்கே நல்ல மழை. ரப்பர் மரமெல்லாம் தளதளவென்று இருந்தது...

"ஏங்கய்யா, கதையில கூடவா ரப்பர் மரம்?" என்றாள் படியிலிருந்தவள்.

"கதைன்னா எல்லாந்தான் இருக்கும். பேசாம கேளுலா."

எனக்கும் சந்தேகம்தான். வெகுநேரம் படித்தார், ஆனால் பக்கம் திருப்பும் சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மறுநாள் காமாட்சியைத் தனியாகப் பிடித்தேன்.

"நேத்து ஐயா பொஸ்தகத்தப் பாத்துத்தான் படிச்சாரா?"

"எங்கங்கம்மா! பொஸ்தகம் மடியில கெடந்துச்சி. அவரு ஒங்க மொகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு."

அதற்குமேல் அவர் படிக்கவும் இல்லை. ஆபீசில் வேலை அதிகம் என்று தட்டிக் கழித்தார். அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பக்கத்தில்? பார்வை வருமோ வராதோ என்ற பயத்தோடு அந்தக் கேள்வியும் சேர்ந்து என்னைத் தின்றது.

மாதம் முடிந்து கட்டு அவிழ்ந்தது. இடது கண் நன்றாகத் திரும்பிவிட்டது. வலது கண் ஓரத்தில் மட்டும் புகை படிந்தாற்போல இன்றைக்கும் இருக்கிறது. கண் திறந்ததும் முதலில் தேடியது அவர் முகத்தை என்று சொல்ல ஆசைதான். தேடியது புத்தகத்தை!

அலமாரிக்கு மேலே ஒளித்து வைத்திருந்தார். மறுநாள் அவர் பெரட்டுக்குப் போனதும், வெளிச்சம் வரும்வரை காத்திருந்து, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் நிறுத்திய இடத்தில் ரப்பர் இலை வைத்திருந்த பக்கத்தைத் திறந்தேன்.

கதைக் காமாட்சிக்குக் காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் விட்டதும் கண் வலிக்கிறது. அத்தியாயம் முடிவதற்குள் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விடுகிறது. கப்பலும் இல்லை, மாமன் வீடும் இல்லை.

தடுக்க ஆள் இல்லாததால் நன்றாக அழுதேன். அந்த மனிதர்மேல் அவ்வளவு பிரியம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

சாப்பிட வந்தவரிடம் கேட்டேன். "என்னங்க, இதுல கப்பலே காணோமே?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அச்சுக்கோக்கிறவன் விட்டுட்டிருப்பான்."

இப்போது டவுனுக்கு வந்துவிட்டோம். மின்சார விளக்கு இருக்கிறது, எனக்கு மூக்குக்கண்ணாடி இருக்கிறது, கேட்ட புத்தகம் கடையில் கிடைக்கிறது. இங்கே பெரட்டும் இல்லை, அந்தக் குரலும் இல்லை. அச்சில் இருந்த காமாட்சிக்கு முடிவில் என்ன ஆயிற்று என்பதைப் படித்துவிட்டேன். மாமன் வீட்டுக்குப் போனவளுக்கு என்ன ஆயிற்று என்று அவரைக் கேட்டால் மட்டும், "ஒனக்கு வேற வேலையே இல்லியா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நேற்று சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அதையே கேட்டேன்.

அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுக்கும் சத்தம்...

"மாமன் வீட்டுல அன்னிக்கும் நல்ல மழை," என்று ஆரம்பித்தார்.