சிப்பின் சம்மதமும் வீட்டின் சம்மதமும்

காலையில் பவித்ராவிடமிருந்து ஒரு செய்தி. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். "மேடம், பழைய கோடுல ஸ்டார்ட் ஆகும்போது ஒரு செக் இருக்கு. இப்ப எந்த மெஷின்லயும் ஃபெயில் ஆகறதே இல்ல. அதையும் ஸ்லோ பாத்தையும் தூக்கிடலாமா?" தூக்கிவிடலாம்தான். ஆனால் படித்ததும் எனக்கு எண்ணெயில் பொரியும் தேங்காய்ப்பால் வாசனை வந்தது. நீங்கள் நம்பவேண்டும் என்று கட்டாயமில்லை. ஐம்பதைத் தாண்டினால் மூக்கு தன் இஷ்டத்துக்குத்தான் வேலை செய்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் அலுவலகம் ஆஸ்டின் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. ஆஸ்பத்திரிகளுக்காக ஸ்கேன் படங்களைத் திரையில் காட்டும் மென்பொருள் செய்தோம். சாயங்காலம் பன் வேகும் வாசனை படியேறி வந்துவிட்டால் ஒருவருக்கும் வேலை ஓடாது. எனக்கு அடுத்த மேஜை சேவியருடையது. கோலார் தங்கவயல்காரன், சுரங்கத் தொழிலாளியின் மகன். விடியற்காலை ரயிலில் நின்றுகொண்டே வந்து, கசங்கிய சட்டையைத் தடவிவிட்டுக்கொண்டு, "ரயிலுக்கு ஒரு இஸ்திரி, ஆபீசுக்கு ஒரு இஸ்திரி வேணும்" என்பான்.

அப்போது வந்த புது சிப்களில் சில புதிய கட்டளைகள் இருந்தன. நான்கு எண்களை ஒரே மூச்சில் பெருக்கிவிடும். ஆனால் நம் நிரல் எந்த ஆஸ்பத்திரியின் எந்த இயந்திரத்தில் போய் விழும் என்று நமக்குத் தெரியாதே! அதனால் ஓட ஆரம்பித்ததுமே அது சிப்பிடம் கேட்கும்: உனக்கு இது தெரியுமா? தெரியும் என்றால் வேகவழி, தெரியாது என்றால் மெதுவழி. இரண்டிலும் படம் ஒன்றுதான், காத்திருக்கும் நேரம்தான் வேறு. வேகவழியை நான் எழுதினேன், மெதுவழி சேவியருடையது. அதற்காக அவனை மாட்டுவண்டிக்காரன் என்று எவ்வளவு கேலி செய்திருப்பேன்.

ஓர் ஆஸ்பத்திரியில் நிரல் திறந்த உடனே செத்து விழுந்தது. சிப் புதியது, கேட்டதற்குத் தெரியும் என்றுதான் சொல்லியிருந்தது. ஆனால் அதை ஓட்டிய இயங்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், பழையது. ஒரு நிரலை நிறுத்தி இன்னொன்றை ஓட்டும்போது பாதியில் நின்ற கணக்கைப் பத்திரப்படுத்துவது இயங்குதளத்தின் பொறுப்பு. புதுக் கட்டளைகளின் கணக்கை எங்கே எடுத்துவைப்பது என்று அதற்குத் தெரியாது, அதனால் அவற்றை அனுமதிக்கவும் இல்லை. நாங்கள் இயங்குதளத்தைக் கேட்கவே இல்லை. சேவியர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"பொண்ணு சரின்னுடுச்சு. வீட்ல கேட்டோமா?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின வாரம்தான் அவன் என்னைக் கேட்டு, நானும் சரி என்றிருந்தேன். எங்கள் வீடு ஜெயநகரில். தாத்தா காலத்திலேயே மைசூர் அரசு உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். பேச்சு தமிழில், கோபம் கன்னடத்தில். முட்டை வாசற்படி தாண்டாது.

நிரலைச் சரிசெய்வது எளிதாக இருந்தது. தொடங்கும்போது யாருக்கும் தொந்தரவில்லாத ஒரே ஒரு புதுக் கட்டளையை ஓட்டிப் பார்ப்பது. இயங்குதளம் மறுத்தால் அந்த மறுப்பை அங்கேயே தாங்கிக்கொண்டு, சத்தம் போடாமல் மெதுவழிக்குப் போய்விடுவது. செய்து முடித்த மிதப்பில் என் வீட்டையும் இப்படியே சோதித்துவிடலாம் என்று திட்டம் போட்டோம். இரண்டு என்ஜினியர்கள் சேர்ந்தால் புத்தி இப்படித்தான் போகும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சேவியர் ஓர் எவர்சில்வர் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே அவன் அம்மா மாவைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து, சிப்பி சிப்பியாகச் சுருட்டிப் பொரித்த கல்கல். மூடியில் அவர் பெயர் வெட்டியிருந்தது: சகாயமேரி. மறுத்தால் நஷ்டமில்லை, ஆபீஸ் நண்பன் பலகாரம் கொண்டுவந்தான், அவ்வளவுதான். டப்பாவை நிறைத்துத் திருப்பிக் கொடுத்தால் மேற்கொண்டு பேசலாம்.

"முட்டை போட்டதாப்பா?" என்றாள் அம்மா.

"ஆமாங்கம்மா." பொய் சொல்ல அவனுக்கு வராது.

அம்மா மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினாள். "இர்லி" என்றாள். இருக்கட்டும் என்று கன்னடத்தில். உள்ளே கொண்டுபோனாள். அப்பா பேப்பரை இறக்கவே இல்லை.

டப்பா திரும்பி வரவில்லை. காலியாகத் திருப்பிக் கொடுக்க அம்மாவுக்கு மனசு வராது. நிறைத்துக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். அலமாரியின் மேல்தட்டில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. எங்கள் நிரலில் இப்படி ஒரு விடைக்கு இடமே வைத்திருக்கவில்லை. "மெதுவழிதான்" என்றான் சேவியர்.

வருஷங்கள் ஓடின. தங்கவயலில் சுரங்கத்தை மூடினார்கள். சேவியர் விவேக் நகரில் அறை எடுத்துக்கொண்டான். ஒரு வியாழக்கிழமை அங்கே சர்ச்சுக்கு வந்திருந்த அவன் அம்மாவை, மெழுகுவத்திக் கடைகளின் நெரிசலில் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் டப்பா பத்திரமா கீதில்ல கண்ணு?"

"இருக்குங்கம்மா."

"அவசரமில்ல. நெறைஞ்சு வந்தா போதும்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வந்த வரன்களையெல்லாம் நான் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். ஒரு தீபாவளியன்று அம்மா அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கினாள். கழுவித் துடைத்து, மைசூர்பாகை அடுக்க ஆரம்பித்தாள்.

"உங்கப்பா அந்தக் கல்கலை ஒரே வாரத்துல தின்னு தீர்த்துட்டார், தெரியுமா? முட்டைன்னு சொல்லியும் கேக்கல."

பேப்பருக்குப் பின்னால் ஒரு கனைப்பு.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க கேட்டீங்களாடி? டப்பாவை வெச்சுட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"கேட்டிருந்தா சரின்னிருப்பியா?"

அம்மா இன்னொரு துண்டை எடுத்து அடுக்கினாள். "இர்லி, இப்ப எதுக்கு அது" என்றாள். பிறகு மூடியை அழுத்தி மூடினாள். "அவங்கம்மாகிட்ட குடு. இத்தனை நாள் வெச்சிருந்ததுக்கு ஒண்ணும் நெனச்சுக்க வேணாம்னு சொல்லு."

சேவியரின் அம்மா அந்த வருஷம் மழைக்காலத்திலேயே இறந்துபோயிருந்தார். நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னேன். அம்மா முந்தானையால் மூடியிலிருந்த பெயரைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

எங்கள் கல்யாணம் நடந்தது. மெதுவழியிலும் படம் சரியாகத்தான் வரும் என்று சேவியர் இன்றும் சொல்வான். சரியாகத்தான் வந்தது. திரைக்கு முன்னால் காத்திருந்தவர்தான் எழுந்து போயிருந்தார்.

பவித்ராவுக்கு "தூக்கிடு" என்று பதில் போட்டேன். இப்போது எல்லா இயந்திரமும் சரி என்றுதான் சொல்கிறது, கேட்பதற்கு ஒன்றுமில்லை. டப்பா எங்கள் சமையலறையில் இருக்கிறது. ஆனால் சகாயமேரியம்மா கல்கலுக்கு என்ன பக்குவம் வைத்திருந்தார் என்று நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கடையில்தான் வாங்குகிறோம். அப்பா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்.

"இது அது இல்ல" என்று சொல்லிவிட்டு, மீதியைத் தட்டிலேயே வைத்துவிடுவார்.